லிங்க்டினில் 1,400 பேர், வேலை சொல்ல ஆளில்லை

கேள்வி: மலேசியா, சுங்கை பட்டாணி தம்பி, 5 ஜனவரி 2025, ஞாயிறு

லிங்க்டினால் நம் ஆட்களில் யாருக்காவது வேலை கிடைத்ததா? ஒருவரையாவது காட்டுங்கள். எனக்கு வயது 24, பொலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா. ஆறு மாதமாக உட்கார்ந்து ஆள் சேர்த்து 1,400 பேர் ஆகிவிட்டார்கள். பாதிப்பேர் பினாங்கு, கெடா பக்கம் பாயான் லெப்பாஸ், பிறை, கூலிம் கம்பெனிகளில் ஆள் எடுக்கிற எச்.ஆர். ‘ஹாய் சார், எனி வேகன்சி?’ என்று முந்நூறு பேருக்காவது அனுப்பியிருப்பேன். பதில் போட்டவர்கள் நாலு பேர். அதிலும் இரண்டு பேர் இன்சூரன்ஸ் விற்க வந்தவர்கள். ஆள் தெரிந்தால்தான் வேலை, இல்லையென்றால் ஃபேக்டரியில் ஆப்பரேட்டர் லைன்தான். இந்த இணையத் தொடர்பெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

6 ஜனவரி

மறுக்கிறேன். பாதி மட்டும்.

ஆள் தெரிந்தால்தான் வேலை என்பது சரிதான் தம்பி, அக்கா ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1,400 பேர் இருந்தும் உனக்கு ஆள் தெரியாது. லிங்க்டின் 500-ஐத் தாண்டினால் பார்க்கிறவர்களுக்கு ‘500+’ என்று மட்டும்தான் காட்டும். மீதி 900 பேரை யாருக்குக் காட்டச் சேர்த்தாய்?

என் கதையைச் சொல்கிறேன். 2023 ஜூனில் வி.எஸ்.எஸ்., அதாவது தானாக விலகுகிறவர்களுக்குக் கொடுக்கும் தொகையை, வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்போது வயது 45. இருபத்தொரு வருடமும் ஒரே கம்பெனி, எஃப்.ஏ. (பழுது ஆராயும்) லேப். கெட்டுப்போன சிப்பை அறுத்தும் அமிலத்தில் கரைத்தும் அது எதனால் செத்தது என்று பார்க்கிற வேலை. பிணப் பரிசோதனை என்பான் என் மகன். அத்தனை வருடமும் லிங்க்டினில் என் படம்கூட இல்லை. வேலை போனதும் திடீர் பக்தி வந்தது. ஒரே வாரத்தில் 140 பேருக்கு வேண்டுகோள் போட்டேன். குறிப்பு ஒன்றும் எழுதவில்லை, பட்டனை அழுத்தியதோடு சரி. ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? தைப்பூசக் கூட்டத்தில் தோள் இடித்தவரை எல்லாம் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

வேலை கிடைத்தது. லிங்க்டின் வழியாகத்தான். ஆனால் அந்த 140 பேரால் இல்லை. அதை அப்புறம் எழுதுகிறேன், சோறு வைக்க வேண்டும்.

(வேலை போய் உட்கார்ந்திருக்கிற யாராவது இதைப் படித்தால்: அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதிக்கு 60 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். வி.எஸ்.எஸ். வாங்கியவர்களுக்கும் உண்டு. எனக்கு இதைச் சொன்னவர் வீட்டுக்கு எதிரே நாசி லெமாக் விற்கிற அம்மா.)

6 ஜனவரி, இரவு

திருத்தம். 140 இல்லை. உள்ளே போய் எண்ணிப் பார்த்தேன், 112. புலம்பும்போது எண்ணிக்கை தானாக ஏறிவிடுகிறது.

9 ஜனவரி

தம்பியின் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். முதலில் பெயரைச் சரி செய்.

இது நமக்கென்றே உள்ள தொல்லை. ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) நம் பெயர், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று கிடையாது. லிங்க்டினோ கடைசிப் பெயரைக் கேட்காமல் விடாது. நான் அப்பா பெயரைப் போட்டேன். அதிலிருந்து எச்.ஆர். கடிதமெல்லாம் ‘டியர் மிஸ்டர்’ என்று அப்பா பெயருக்கே வந்தது. அவர் 2011-ல் இறந்துவிட்டார். நிபோங் திபால் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரை ஒரு கம்பெனி டெலிபோன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அன்று இரவு நானும் அம்மாவும் சிரித்து, பிறகு கொஞ்சம் அழுதோம்.

நீ உன் பெயரைச் சுருக்கி, பின்னால் ஒரு நடிகரின் பட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாய். ஐ.சி.யில் இருக்கிற பெயரைப் போடு. பொலிடெக்னிக்கில் உன்னோடு படித்தவன் தேடினால் கிடைக்கிற பெயராக இருக்க வேண்டும்.

14 ஜனவரி, பொங்கல்

பால் பொங்கிவிட்டது, பிள்ளைகள் தூங்குகிறார்கள். வேலை கிடைத்த கதை.

2016-ல் கம்பெனி என்னை பி.எஸ்.டி.சி.யில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியது. பாயான் லெப்பாஸில் 1989-லிருந்து இருக்கிற பயிற்சி மையம், பினாங்கில் இந்தத் துறையில் இருப்பவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு வகுப்புக்கு அங்கே போயிருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் புக்கிட் மெர்தாஜாம்காரர், சீனர், கூலிமில் இன்ஜினியர். இரண்டு நாளும் சேர்த்து அவரிடம் இருபது வார்த்தை பேசியிருந்தால் அதிகம். லிங்க்டினில் சேர்த்துக்கொண்டோம், அதோடு மறந்தோம்.

2019-ல் அவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். 150 டிகிரியில் வைத்துச் சோதித்த பிறகு சிப்பில் ஒட்டிய கம்பி பிடுங்கிக்கொண்டு வருகிறது, ஏன்? தங்கக் கம்பி, அலுமினியத் தளம். எங்கள் லேப்பில் இது பழைய பேய். சூட்டில் தங்கமும் அலுமினியமும் ஒன்றுக்குள் ஒன்று ஊறிப் புதுக் கலவைகள் உண்டாகும். அதில் ஒன்று நல்ல ஊதா நிறம், கத்தரிக்காய் மாதிரி. தங்கம் ஒரு வேகத்தில் நகரும், அலுமினியம் இன்னொரு வேகத்தில் நகரும். அதனால் இடையில் பொடிப்பொடியாகக் குழி விழும், குழிகள் சேர்ந்தால் கம்பி பெயரும். ‘கம்பி நின்ற இடத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள், ஊதாவும் குழியும் தெரிந்தால் இதுதான்’ என்று ஐந்து வரி எழுதினேன். கம்பெனி ரகசியம் ஒன்றும் இல்லை, பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அவர் கட்டைவிரல் ஒன்று போட்டார்.

நாலு வருடம் கழித்து, வெளியே வந்த மூன்றாவது மாதம், வேலை தேடுகிறேன் என்று நாலு வரி போட்டேன். அன்று இரவே அவரிடமிருந்து செய்தி. ‘நீங்கள்தானே ஊதா நிறம் சொன்னவர்? பத்து காவான் ஊரில் என் பழைய மேலாளர் லேப்புக்கு ஆள் தேடப்போகிறார். இன்னும் விளம்பரம் போடவில்லை. உங்கள் எண்ணைக் கொடுக்கட்டுமா?’ இவ்வளவுதான்.

இப்போது அந்த லேப்பில்தான் இருக்கிறேன்.

என் சொந்தக்காரர்களில் பதினோரு பேர் ஃபேக்டரியில் இருக்கிறார்கள். எல்லாரும் எனக்காக வேண்டிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த வேலை எல்லாம் எனக்கும் தெரிந்திருந்தது, அதுதான் சிக்கல். நம் வாட்ஸ்அப் குழுவும் அப்படியே. 1,024 பேர் என்ற வரம்பு நிரம்பி வழிகிறது, ஒரே விளம்பரம் ஆறு முறை வருகிறது, நடுவில் காலை வணக்க ரோஜா. ஆகவே சொந்தத்தை விட அந்நியரே மேல் என்பது என் முடிவு.

15 ஜனவரி

கூலிம்காரர் ஒருவர் ‘ஒரு அனுபவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஆதாரம்?’ என்கிறார். இருக்கிறது. ஆனால் நேற்று நான் எழுதிய கடைசி வரியை அதுவே உடைக்கிறது.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை. பாஸ்டன் பக்கம் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. மிக அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கியவர்கள் நம்மைப் போலவே ஒரே வட்டத்தில் சுற்றுவதால் அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி வருவது அரைகுறையாகத் தெரிந்தவரிடமிருந்து. இதுதான் அவர் வாதம்.

2022-ல் சயின்ஸ் இதழில் லிங்க்டினை வைத்தே பெரிய ஆய்வு வந்தது. 2 கோடி பேர், ஐந்து வருடம். ‘உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று அது காட்டுகிற பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்த்தார்கள். அதிகம் உதவியவர்கள் ஓரளவு தெரிந்தவர்கள். கொஞ்சமும் ஒட்டாத அந்நியரால் பலன் குறைந்தது, மிக நெருங்கியவராலும் குறைந்தது.

அதனால் ‘அந்நியரே மேல்’ என்பதை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு நடந்ததும் அப்படித்தானே? இரண்டு நாள் பக்கத்து நாற்காலி, ஒரு ஐந்து வரிப் பதில். முழு அந்நியர் இல்லை. தம்பியின் 1,400 பேர்தான் முழு அந்நியர்கள்.

19 ஜனவரி

தம்பி கேட்கிறான்: ‘அக்கா, எனக்குப் பக்கத்து நாற்காலி எதுவும் இல்லை. நான் என்ன செய்ய?’

நியாயமான கேள்வி. மூன்று நாளாக அவனோடு தனியாகப் பேசினேன், அவன் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன்.

‘எனி வேகன்சி?’ என்றால் எதிரில் இருப்பவர் உன் படிப்பைத் தேடணும், தன் கம்பெனியில் இடம் இருக்கா என்று விசாரிக்கணும், இல்லை என்று சொல்ல மனசு கேட்காமல் தவிக்கணும். மூன்று வேலையும் அவருக்கு, உனக்கு ஒன்றும் இல்லை. படித்துவிட்டு மூடிவிடுவார். நானும் மூடியிருக்கிறேன்.

படிக்கும்போது என்ன புராஜெக்ட் செய்தாய் என்று கேட்டேன். ‘சும்மா ஒரு டோஸ்டர் அடுப்பு அக்கா’ என்றான். சும்மா இல்லை. பழைய டோஸ்டர் அடுப்பை, சோல்டரை உருக்கிப் பாகங்களைப் போர்டில் ஒட்டுகிற ரீஃப்ளோ அடுப்பாக மாற்றி, உள்ளே சூட்டை அளக்கிற கே-டைப் தெர்மோகப்பிள் வைத்து, போர்டு சோல்டர் ஆகும்போது சூடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பதிவு செய்திருக்கிறான். ஈயமில்லாத சோல்டர் 217 டிகிரியில் உருக ஆரம்பிக்கும், அதற்கு மேல் எத்தனை வினாடி நிற்கிறது என்பதுதான் ஃபேக்டரியில் போர்டில் பாகம் ஒட்டுகிற எஸ்.எம்.டி. லைனில் எல்லாருக்கும் தலைவலி. அதை வீட்டுச் சமையலறையில் செய்தவன் ஆறு மாதமாக ‘எனி வேகன்சி’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். கோபம்தான் வந்தது.

புதுச் செய்தி இது. ஆங்கிலத்தில் அனுப்பியது, இங்கே தமிழில் தருகிறேன்:

‘சார், டோஸ்டர் அடுப்பில் ரீஃப்ளோ செய்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் உச்ச வெப்பம் 8 டிகிரி மாறுகிறது. உங்கள் லைனில் எவ்வளவு மாறினால் விடுவீர்கள்?’

வேலை கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம், சொல்வதற்கு அவருக்கும் ஆசையாக இருக்கும். எச்.ஆரை விடு, பத்து பிராசஸ் இன்ஜினியர்களுக்கு மட்டும் அனுப்பு என்றேன். அதுவும் பார்த்து அனுப்பணும். அனுப்பிய வேண்டுகோளைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் மறுபடி அனுப்ப முடியாது.

தமிழ் மேலாளருக்குத் தமிழில் எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். எழுதலாம், ஆனால் இலவசக் கணக்கில் குறிப்புக்கு 200 எழுத்துதான். கணினி நம்மைப் போல எண்ணாது, புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. மரியாதையெல்லாம் சேர்த்து ஆரம்பித்தால் விஷயத்துக்கு வரும் முன் இடம் தீர்ந்துவிடும்.

20 ஜனவரி

எச்.ஆரில் இருக்கிற ஒரு பெண் என்னைத் திட்டியிருக்கிறார். ‘எச்.ஆரை விடு என்றால் என்ன அர்த்தம்? கடைசியில் வேலைக்கான பாரத்தை (படிவத்தை) நாங்கள்தான் நிரப்புகிறோம்.’ சரி, அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. முதல் கதவாக அவர்களைத் தட்டாதே என்று எழுதியிருக்க வேண்டும். இன்ஜினியர் உன் பெயரைச் சொன்ன பிறகு எச்.ஆருக்கு எழுது, அப்போது ‘யார் இது?’ என்று கேட்க மாட்டார்கள்.

30 ஜனவரி

சீனப் புத்தாண்டு விடுமுறை, பக்கத்து வீட்டு வெடியில் தூக்கம் இல்லை.

பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஊதா கதையைப் படித்துவிட்டு மூன்று பேர் லிங்க்டினில் என்னைத் தேடிப் பிடித்தார்கள். ஒருவர் கேட்டது உண்மையிலேயே கம்பியைப் பற்றி. மற்ற இருவர் ‘ஹாய் டியர்’. 47 வயசு, கண்ணாடி, லேப் கோட் போட்ட படம், அதற்கும் ‘டியர்’. இது கல்யாண மாலை இல்லை தம்பிகளே. யாருடைய பக்கத்தைத் திறந்தாலும் மறைவாகப் பார்க்கும் வசதியைப் போடாவிட்டால் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியும், அதையும் ஞாபகத்தில் வையுங்கள். ஒருவர் ஒரே இரவில் ஏழு முறை வந்து போயிருக்கிறார்.

அப்படிப்பட்டவர்களைத் துண்டித்தால் அவர்களுக்கு அறிவிப்பு போகாது. நிம்மதியாகத் துண்டியுங்கள்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். கால் வீங்கிக் கிடக்கிறது.

ஜாலான் கெபுன் புங்கா போகிற வழியில் ஒரு கம்பெனி ஆட்கள் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கினேன். கொடுத்த பையன் முகத்தையே பார்த்தான். ‘நீங்கள் ஊதா அக்காதானே?’ என்றான். லிங்க்டின் படத்தை வைத்து அடையாளம் கண்டிருக்கிறான். பின்னால் ஐம்பது பேர் நிற்க, மோர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எக்ஸ்ரேயில் தெரியாத விரிசலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினோம். பிறகு ஒரு பாட்டி சத்தம் போட்டார், நகர்ந்தேன்.

நடந்துகொண்டே யோசித்தேன். என் தாத்தா இந்த நாட்டுக்கு வந்ததும் ஒரு ‘தெரிந்தவர்’ சொல்லித்தான். தோட்டத்துக் கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டினார், தாத்தா பின்னாலேயே வந்துவிட்டார். 1938-ல் இந்திய அரசு தடை போடும் வரை அப்படித்தான் ஆள் வந்தது. ஆனால் அந்தத் தெரிந்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. தாத்தாவின் கடனும் அவர் கணக்கில்தான் இருந்தது. ஆள் தெரிந்து வேலை என்று பெருமையாகச் சொல்கிறோமே, தெரிந்தவருக்கு இதில் என்ன லாபம் என்று ஒரு முறையாவது கேட்கணும். அந்த புக்கிட் மெர்தாஜாம்காரருக்கு என்ன லாபம்? பத்து காவானில் சேர்ந்த பிறகு கேட்டேன். ‘பழைய மேலாளர் எனக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னார், போதாதா?’ என்றார்.

21 பிப்ரவரி

போன வாரம் தம்பிக்கு ஒரு செய்தி வந்தது. லிங்க்டினில் அழகான பக்கம், சூட் போட்ட படம், 500+. சிங்கப்பூரில் டெக்னீஷியன் வேலை, மாதம் 9,000 வெள்ளி, நேர்காணல் தேவையில்லை. ஐ.சி.யின் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பணும், பதிவுக்கு 380 வெள்ளி ஒருவரின் சொந்தக் கணக்கில் போடணும். பையன் பணம் போடக் கிளம்பிவிட்டான்.

நல்ல வேளை, அதற்கு முன் கணக்கு எண்ணை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்டிருக்கிறான். பத்து நிமிடத்தில் ஐந்து பேர் பாய்ந்து வந்தார்கள். ஒருவருக்கு அதே படத்தோடு வேறு பெயரில் வந்திருக்கிறது. இன்னொருவர் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கிற போலீஸின் செமாக் மியூல் தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தார், ஏற்கெனவே புகார் இருக்கிறது. காலை வணக்க ரோஜா போடுகிற அதே மாமாதான் அவனுக்குப் போன் செய்து, ‘ஐ.சி. படம் அனுப்பிட்டியா? இல்லையே? சரி, போய்ச் சாப்பிடு’ என்றார்.

பணம் போட்டுவிட்டவர்கள் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பொங்கலன்று அந்தக் குழுவைக் கிண்டல் செய்தேன். ரோஜா மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர் பதிலுக்கு ஒரு ரோஜா அனுப்பினார். புது வேலைச் செய்தி அங்கே வராது என்பதை இப்போதும் சொல்வேன். ஆனால் வெளியிலிருந்து வருகிற செய்தி நல்லதா பொய்யா என்று கேட்க அவர்களை விட்டால் எனக்கும் ஆள் இல்லை.

9 மார்ச்

தம்பியின் கணக்கு. பத்து பேருக்கு அனுப்பினான், மூன்று பதில். ஒருவர் ‘5 டிகிரி’ என்று மட்டும். ஒருவர் தன் கம்பெனியின் பயிற்சி வகுப்பை விற்கப் பார்த்தார். மூன்றாமவர் பிறையில் லைன் இன்ஜினியர், மலாய்க்காரர், நீளமாக எழுதியிருக்கிறார்: தெர்மோகப்பிள் முனை காற்றில் தொங்குகிறதா? அப்படியானால் நீ அளப்பது அடுப்பின் காற்றை. முனையைப் போர்டிலேயே அலுமினிய டேப்பால் ஒட்டு.

ஒட்டினான். மாற்றம் 8-லிருந்து 2 டிகிரிக்கு வந்துவிட்டது. முன்னும் பின்னுமான இரண்டு வரைபடத்தை அவருக்கே திருப்பி அனுப்பினான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகச் செய்தது. அவர் ‘நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்து லைனைப் பார்’ என்று கூப்பிட்டிருக்கிறார். வேலைக்கு எடுப்பாரா என்பது தெரியாது. பார்க்கப் போகிறான், அவ்வளவுதான்.

16 மார்ச்

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதமாக இங்கே செய்தி எழுதுவது எப்படி என்று பாடம் நடத்துகிறேன். இன்று காலை என் இன்பாக்ஸைத் துடைக்கும்போது அடியில் ஒன்று கிடந்தது, போன ஆகஸ்டில் வந்தது. புக்கிட் மெர்தாஜாம் பெண், கடைசி வருட மாணவி, அறுத்த சிப்பை எந்த நம்பர் உப்புக்காகிதத்தில் தேய்த்து முடிப்பது என்று ஒரே ஒரு கேள்வி. அழகான கேள்வி. நான் படித்திருக்கிறேன், படிக்காததற்கு வருகிற நீலப் புள்ளி இல்லை. ஏழு மாதமாகப் பதில் போடவில்லை.

வெட்கத்தோடு பதில் எழுதினேன்: 1,200 வரை போ, பிறகு துணியில் வைரப் பசை. மன்னிப்பும் கேட்டேன்.

நாலே நிமிடத்தில் பதில். ‘பரவாயில்லை மேடம், டிசம்பரில் வேலை கிடைத்துவிட்டது, எங்கள் சீனியர் 2,400 வரை போகச் சொல்கிறார். மேடம், ஒன்று கேட்கலாமா? எங்கள் ரீஃப்ளோ லைனுக்கு டெக்னீஷியன் தேடுகிறார்கள், உங்களுக்கு யாரையாவது தெரியுமா?’

தம்பி, ரெஸ்யூமேயை இன்றிரவே அனுப்பு. கோப்பின் பெயர் ‘ஃபைனல் நியூ 3’ என்று இருக்கக் கூடாது, உன் பெயர் இருக்கணும். டோஸ்டர் அடுப்பு முதல் பக்கத்தில் வரணும்.